ஷட்டரைத் திறந்து வைத்துச் செய்த வெல்டிங்

குத்துக்கல்வலசையில் இருக்கும் என் வெல்டிங் பட்டறையில் நான் ஒருவன்தான். மனைவி போனபின் எனக்குப் போன் வருவதுகூட அபூர்வம்.

போன குற்றால சீசனில், சுரண்டைக்காரர் ஒருவர் தான் ஓட்டும் ரேஸ் காரைக் கொண்டுவந்தார். வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காப்பாற்றும் இரும்புக்குழாய்க் கூண்டை உள்ளே அமைக்க வேண்டும். வெல்டிங்கில் டிக், மிக் என்று இரண்டு வகை. டிக் நிதானமாக இழுக்கும் வேலை. மிக் சட்டென்று முடியும். நான் மிக்கை எடுத்தேன். இரண்டுக்குமே காற்று ஆகாது. உருகும் இரும்பை மூடி நிற்கும் கேஸ் கலைந்தால், பற்றவைத்த இடத்தில் பொத்தல் விழும். அன்றைக்குச் சாரல் காற்று பேயாட்டம் ஆடியது. ஷட்டரை இறக்கியிருக்க வேண்டும். இறக்கினால் ரோட்டில் போகிற ஒரு முகமும் தெரியாதே என்று திறந்தே வைத்தேன். நாலு ஜாயிண்டில் பொத்தல். கிரைண்டரால் தேய்த்து, பெயிண்ட் அடித்து மறைத்தேன்.

வண்டி எடுக்க வந்தவர் போட்டிப் படிவத்தைக் காட்டினார்.

“அவசரத்துக்கு யாரைக் கூப்பிடணும்னு கேக்காங்க அண்ணாச்சி. எனக்குன்னு ஆருமில்ல. ஒங்க நம்பரைப் போட்டுக்கிடட்டா?”



“வண்டி இங்கனயே நிக்கட்டும். நாலு ஜாயிண்டு சரியில்ல” என்றேன்.

“பெயிண்ட் அடிக்கையிலயே தெரியுமா?”

“தெரியும்.”

 அவர் குனிந்து படிவத்தில் என் நம்பரை எழுதினார்.

ஷட்டரை இறக்கிவிட்டு, அந்த நாலையும் அறுத்து, இரண்டு நாள் டிக்கில் பற்றவைத்தேன்.

போட்டி நடந்த ஞாயிறு முழுக்கப் போனை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். அடிக்கவேயில்லை. போன் அடிக்காததற்காக நான் சந்தோஷப்பட்ட நாள் அது ஒன்றுதான்.