முட்டை சேராத வீடும் வெள்ளை டிரிப்பும்

என் வீட்டுக்காரருக்குக் குடல் முறுக்கிக்கொண்டு ராஜபாளையத்தில் ஆபரேஷன் ஆனது போன வருஷம். வாய் வழியாகத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்றார்கள். ஒரு வாரத்தில் கன்னம் ஒட்டி, கை குச்சியாகிவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பார்க்க வந்தவர்கள், வெளியே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் அழவில்லை. மனசுக்குள் பயம் மட்டும் இருந்தது.

அன்று காலையில் நர்ஸ் ஒரு பையைக் கொண்டுவந்தாள். கூமாப்பட்டிப் பெண். பைக்குள் பால் மாதிரி வெள்ளையாக இருந்தது.

"இது எண்ணெய்ச் சத்து ஆச்சி. சாப்பாட்டுக்குப் பதிலா நரம்புல ஏத்துவோம். தாத்தாவுக்கு முட்டை ஒத்துக்கும்லா?"

"முட்டைக்கும் இதுக்கும் என்ன?"

"எண்ணெயும் தண்ணியும் ஒட்டாதுல்லா? மஞ்சக்கருவுல இருந்து எடுத்த ஒரு சத்துதான் ரெண்டையும் சேர்த்துப் பிடிச்சிருக்கு. அது இல்லைன்னா எண்ணெய் தனியாப் பிரிஞ்சிரும். நரம்புல விட முடியாது."

அந்தச் சத்துக்குப் பெயர் பாஸ்போலிப்பிட். என் வாயில் நுழையாததால் அவளிடமே எழுதி வாங்கிவைத்தேன். அந்தச் சீட்டைப் பார்த்து எழுத்துக்கூட்டித்தான் இங்கே எழுதுகிறேன்.

"எங்க வீட்டுல முட்டை ஓடுகூட விழுந்தது கிடையாது. அவிய பொறந்ததுல இருந்து தொட்டதில்லை" என்றேன். பக்கத்துக் கட்டிலுக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

நர்ஸ் போய் டாக்டரம்மாவைக் கூட்டிவந்தாள்.

"முட்டை அலர்ஜி இருக்கிறவங்களுக்கு இதைப் போட மாட்டோம். சாப்பிட்டதே இல்லைன்னா அலர்ஜி இருக்கான்னு தெரியாது. கொஞ்சம் யோசிச்சுத்தான் செய்யணும்" என்றார் டாக்டரம்மா. "உங்களுக்கும் சம்மதம் இருக்கணும் இல்லையா?"

பையைத் திரும்ப எடுத்துப் போகப் போனாள் நர்ஸ். அப்போதுதான் கட்டிலிலிருந்து ஒரு கை எழும்பியது. இரண்டு விரலைக் காட்டினார்.

"என்ன தாத்தா, ரெண்டுக்கு வருதா?"

"ரெண்டு முட்டை" என்றார், மெலிந்த குரலில். "மில்லு கேட்டுக் கடையில. டபுள் ஆம்லெட். நல்லா ஒத்துக்கும்."

"எம்புட்டு நாளா?" என்று கேட்டேன்.

"ரிட்டயர் ஆகுற வரைக்கும்."

மில்லில் முப்பது வருஷ வேலை! ஷிப்ட் முடிந்து வந்தால் குளிக்காமல் அடுப்படிக்குள் கால் வைக்க மாட்டார். ஆசாரமான மனுஷன் என்று தெரு முழுக்கச் சொல்லியிருக்கிறேன். குளித்தது வாடை போக!

பக்கத்துக் கட்டில்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவருக்கும் தையல் போட்டிருந்தது, பாவம்.

"ஏட்டி, கோவமா?"

"பேசாமப் படுங்க. நரம்புல ஏறட்டும், பொறவு பேசிக்கிடுவோம்."

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லுக்கும் தோல் மாதிரி இருக்கறதும் இந்த வகைச் சத்துதாம்மா. முட்டையே தின்னாத உங்க உடம்புலயும் இருக்கு" என்றார்.

"இருந்துட்டுப் போகட்டும். கையெழுத்துப் போடுத காயிதத்தைக் குடுங்க."

என் பெயரை எழுத்து எழுத்தாக எழுதிக் கொடுத்தேன். வெள்ளைச் சொட்டு ஒவ்வொன்றாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நாலைந்து நாளில் முகத்தில் களை வந்தது. அதற்கடுத்த வாரம் கஞ்சி குடித்தார், ஊறுகாய் இல்லையா என்று சண்டையும் போட்டார். எனக்கு உயிர் வந்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது, உடம்பு தேற முட்டை கொடுக்கலாமா என்று டாக்டரம்மா என்னைத்தான் கேட்டார்.

"என் அடுப்புல வேண்டாம். அவிய கடையிலேயே தின்னுக்கிடட்டும்" என்றேன்.