எதிர்வீட்டில் வைத்த ஹெல்மெட்

மாதங்கி பால்கனியில் குந்தி உட்கார்ந்து சைக்கிள் சங்கிலியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கணவரின் பழைய வேட்டியைக் கிழித்த துணி, மெக்கானிக் பாட்டிலில் ஊற்றித் தந்த கொஞ்சம் டீசல், தேய்ந்துபோன பல் பிரஷ். கண்ணி கண்ணியாகத் துடைத்தாள். மயூர் விஹாரின் அந்த மூன்றாம் மாடி வீட்டில் துணி காயும் கொடிக்குக் கீழேதான் சைக்கிளுக்கு இடம். இந்த ஒரு வேலையை அவள் யாரிடமும் விடுவதில்லை.

மத்திய அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் தள்ளிவிட்டுப் போன வருஷம் ஓய்வு பெற்றவள். முட்டிவலிக்கு நல்லது என்று டாக்டர் சொன்னதால்தான் சைக்கிளில் ஏறினாள். முதலில் குடியிருப்பைச் சுற்றினாள். பிறகு நாலைந்து பெண்களோடு யமுனைப் பாலம் தாண்டி இந்தியா கேட் வரை போனாள். இப்போது தனியாக ஹரித்வார் போகப்போகிறாள். முராத்நகரில் கங்கைக் கால்வாயைப் பிடித்துவிட்டால் கரையோடே போய்விடலாம். சனிக்கிழமை ராத்தங்கலுக்கு வழியில் ஒரு தர்மசாலையில் அறையும் சொல்லி வைத்தாயிற்று.

கணவர் ராமமூர்த்தி தடுக்கவில்லை. "அறுபது வயசுல ஹரித்வாருக்கு எல்லாரும் பஸ்லதான் போவா. பஸ்லயே திரும்பியும் வருவா," என்று மட்டும் சொன்னார். பிறகு பஞ்சாங்கத்தைப் பிரித்து, சனிக்கிழமை கிழக்கே சூலம், அந்தத் திசையில் பயணம் தொடங்கக் கூடாது என்றார். நாளை மாற்றினால் அறை கிடைக்காது. கடைசியில் அவரே வழியும் சொன்னார். வியாழக்கிழமை நல்ல நேரத்தில் பரஸ்தானம் வைத்துவிடலாம். போகிறவருடைய சாமான் எதையாவது வேறு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. ஆள் அப்புறம் எப்போது கிளம்பினாலும் தோஷமில்லை. வைத்ததைக் கிளம்பும்போது அங்கிருந்தே எடுத்துக்கொள்ளலாம், திரும்ப வீட்டுக்குள் மட்டும் கொண்டுவரக் கூடாது. கொண்டுவந்தால் பயணம் முறிந்துவிடும்.

வழக்கமாக ஒரு துணியோ ஒரு பிடி அரிசியோதான் வைப்பார்கள். மாதங்கிக்கு எதையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லை. வியாழக்கிழமை காலை மஞ்சள் ஹெல்மெட், மாற்று உடைகள், தினமும் காபி குடிக்கிற டம்ளர், தலையணை உறை, சீப்பு எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, எதிர்வீட்டுக் காமாக்ஷியிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"இவ்வளவா வெப்பா?" என்றாள் காமாக்ஷி. "ஆளையே கொண்டு வந்து வெச்ச மாதிரின்னா இருக்கு."

வெள்ளிக்கிழமை காலை ராமமூர்த்தி காபி கலந்தார். அந்த வீட்டில் காலைக் காபி அவர் பொறுப்பு. ஒரே டம்ளர்தான் மேஜைக்கு வந்தது. தன் டம்ளர்தான் எதிர்வீட்டில் இருக்கிறதே என்று மாதங்கி ஒரு கிண்ணத்தில் தானே ஊற்றிக் குடித்தாள். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அதுவும் அவளுக்குப் புதிதில்லை. தன்னைக் கேட்காமல் ஃப்ரிட்ஜ் வாங்கினாள் என்று ஒரு தடவை ஒரு வாரம் பேசாமல் இருந்தவர்.

குர்கானிலிருந்து மகள் ஜ்யோத்ஸ்னா போன் செய்தபோது, "அம்மா நேத்தே கிளம்பியாச்சே," என்று அவர் சொன்னது சமையலறையில் கேட்டது. பஞ்சாங்கக் கணக்கைச் சொல்லி விளையாடுகிறார் என்று மாதங்கி அங்கிருந்தே உரக்கச் சிரித்தாள். கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை.

வழிக்கு வாழைப்பழம் வாங்கக் கீழே இறங்கினாள். கேட்டிலிருந்த காவலாளி எழுந்து நின்று, இவ்வளவு சீக்கிரம் திரும்பிவிட்டீர்களா மேடம் என்று ஹிந்தியில் கேட்டான். நேற்று மத்தியானம் அவள் மஞ்சள் ஹெல்மெட்டோடு சைக்கிளில் போனாளாம். அவன் சலாம் வைத்தானாம். அவள் திரும்பிப் பார்க்கவில்லையாம். வேறு யாரையோ பார்த்திருப்பாய் தம்பி என்று சொல்லிவிட்டு, பழம் வாங்காமலேயே மேலே ஏறினாள். சைக்கிள் கொடிக்குக் கீழே நின்றது. சங்கிலி அவள் துடைத்தபடியே பளபளத்தது. ஒரு தூசி இல்லை. மனசு கொஞ்சம் சமாதானமாயிற்று.

சாயங்காலம் காமாக்ஷி கதவைத் தட்டினாள். உள்ளே வராமல் நிலைக்கு வெளியிலேயே நின்று குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஹெல்மெட்டை வெயில்ல வெச்சிருக்கேன் மாதங்கி. உள் பட்டையெல்லாம் வேர்வை. நீ போட்டுண்டு போனியா?"

"நான் எங்கடி போனேன்? வீட்லதானே இருக்கேன்."

காமாக்ஷி அவளையே பார்த்தாள். பிறகு, வேண்டுமானால் பையை எடுத்துக்கொண்டு வந்துவிடு, முறிந்தால் முறியட்டும் என்றாள்.

மாதங்கி வாசல்வரை போனாள். எதிர்வீட்டுக் கூடத்தில் பை தெரிந்தது. எடுத்தால் ஹரித்வார் இல்லை, இனி எப்போதும் இல்லை. இன்னொரு தடவை துணிய அவளால் முடியாது. எடுக்கவில்லை. அவர் 'போயிட்டு வா' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டாள். அலுவலகம் போன காலமெல்லாம் அதைக் கேட்காமல் அவள் படி இறங்கியதில்லை. அவர் குளித்துவிட்டு வந்து அதைச் சொல்லட்டும் என்று காத்திருந்து ஆபீஸ் பஸ்ஸைத் தவறவிட்ட நாள்கூட உண்டு.

சனிக்கிழமை விடிந்ததும் சைக்கிளைக் கீழே இறக்கி வைத்துவிட்டு மறுபடி மேலே வந்தாள். ராமமூர்த்தி கூடத்து நாற்காலியில் இருந்தார். மடியில் போன்.

"ஏன்னா, போயிட்டு வரேன்."

போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"சொல்லு மாதங்கி. எங்க இருக்க? இன்னும் கால்வாய்க் கரைலதானா?"

அவளுடைய போன் அவள் கையிலேயே இருந்தது. திரை இருண்டிருந்தது. குனிந்து அவர் காதருகே போனாள். அந்தப் பக்கம் காற்று அடித்தது. அதற்கு அடியில், நன்றாகத் துடைத்த சங்கிலி ஓடுகிற மெல்லிய சத்தம்.

"முட்டி வலிக்கறதா? இல்லையா? அச்சா, அச்சா," என்றார் அவர். கொஞ்சம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, இத்தனை வருஷமும் வாசலில் நின்று சொன்ன அதே குரலில் சொன்னார். "சரி, போயிட்டு வா."

போனை மடியில் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார்.

மாதங்கி அவர் முன்னால் வந்து நின்றாள். "போயிட்டு வரேன்னு சொல்றேனே," என்றாள். அவர் காலடியில் கிடந்த பேப்பரை வழக்கம்போல எடுத்து மடித்து மேஜைமேல் வைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு, தனக்கென்று அந்த வார்த்தையைக் கேட்காமலேயே படி இறங்கினாள்.