புளி போட்டுக் குளித்த எட்டு லட்சுமிகள்

எங்கள் வீட்டில் லட்சுமிகள் எட்டுப் பேரும் வெள்ளிக்கிழமை தவறாமல் குளித்தார்கள். எனக்கும் தம்பிக்கும்கூட அவ்வளவு கவனமான குளியல் வாய்த்ததில்லை. புளியைக் கரைத்து, விபூதி தூவி, பழைய பல் பிரஷ்ஷால் அம்மா தேய்த்த தேய்ப்பில் கஜலட்சுமியின் இரண்டு யானைகளுக்கும் தும்பிக்கை பாதி கரைந்துவிட்டது. குளித்து முடித்ததும் ஆளுக்கொரு சந்தனப் பொட்டு, அதன் மேல் குங்குமம்.

அவர்கள் வெள்ளிக் காசில் இருந்த லட்சுமிகள். அப்பா வேலை பார்த்த கம்பெனி தன் வெள்ளி விழாவின்போது பழைய ஆட்களுக்கெல்லாம் அஷ்டலட்சுமி செட் ஒன்று கொடுத்தது. நீல வெல்வெட் விரித்த மரப்பெட்டி, அதில் எட்டுக் குழி, குழிக்கு ஒரு காசு. ஒவ்வொன்றும் பிஸ்கட் அகலம் இருக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறைக்குள் வந்தவற்றை அம்மா அன்றைக்கே கத்தரிக்கோலால் பிரித்துவிட்டாள். "சாமிய உள்ள போட்டு மூடி வெச்சா மூச்சு முட்டாதா?" என்றாள். அப்பாவின் அக்கறையெல்லாம் பெட்டியில் கீறல் விழக் கூடாது என்பதில்தான்.

பெங்களூரில் இம்மாதிரி செட்டுகளைத் தேடிச் சேர்க்கிறவர்கள் உண்டு, பெட்டியோடு முழுசாக இருந்தால் வெள்ளி விலையைப்போல இரண்டு மடங்கு தருவார்கள், வைத்திருந்தால் இன்னும் ஏறும் என்று ஷிஃப்டில் யாரோ அப்பாவிடம் சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து டி.வி.யில் வெள்ளி விலை சொல்லும்போது எங்கள் வீட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது.

பிறகு அந்தக் கம்பெனியே மூடிவிட்டது. ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் நாங்கள் குடியிருந்தது வாடகை வீடு. அப்பாவுக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. புனேயில் ஒரு ஃபேக்டரி கூப்பிட்டது, போனால் பொங்கலுக்குப் பொங்கல்தான் வருவார். இல்லையென்றால் விலைக்கு வந்த, இரும்பு கடையும் ஒரு பழைய லேத் மெஷினை வாங்கி, பக்கத்திலேயே ஒரு ஷெட்டில் போட்டு, ஜாப் ஒர்க் எடுத்துச் செய்யலாம். இருந்ததையெல்லாம் திரட்டியும் லேத்துக்குப் பணம் துண்டு விழுந்தது. புனே எங்கே இருக்கிறதென்று பள்ளிக்கூட வரைபடத்தில் தேடிப் பார்த்தேன். விரலை முழுக்க விரித்தும் ஓசூரிலிருந்து எட்டவில்லை. அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

செட்டை விற்றுவிடலாம் என்றாள் அம்மா. அரை மனதோடு அப்பா பஜாரில் ஒரு நகைக் கடைக்கு எடுத்துப்போனார். கடைக்காரர் பெட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு, காசுகளை மட்டும் தராசில் கொட்டினாராம். அப்பா அப்படியே அள்ளிக்கொண்டு வந்துவிட்டார்.

"எடைக்குப் போடறதுக்கு இது என்ன பழைய இரும்பா? இருக்கட்டும். வெல ஏறட்டும்."

"நீங்க புனேக்குப் போன அப்புறம் ஏறி என்ன பண்றது?" என்றாள் அம்மா. "பெட்டியப் பாத்துக்கினே நாங்க சோறு திங்கறதா?"

அம்மாவின் தம்பி ராயக்கோட்டை தக்காளி மண்டியில் கணக்குப் பிள்ளையாக இருந்தார். பணம் தருகிறேன் என்று அவர் முன்பே சொல்லிப் பார்த்தாயிற்று. "பொண்ணக் குடுத்தீங்களே, அது போதும் மாப்ள," என்று அப்பா முடித்துவிட்டார். மாமனார் வீட்டுக் காசில் மெஷின் போட்டான் என்று ஒரு பேச்சு வந்துவிடக் கூடாது, அதற்குப் புனேயே மேல் என்பது அவர் கட்சி.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா தன் சிவப்பு பைக்கில் வந்தார். புதுசாக வாங்கிய வண்டி. பின்னால் தக்காளிப் பெட்டியைக் கட்டியிருப்பார். முன்னால் டேங்க் மேல் என்னை உட்கார வைத்துத் தெருவை ஒரு சுற்றுச் சுற்றுவார். அன்று சுற்றிவிட்டு வந்து, இரண்டு பேர் வாதத்தையும் கேட்டார்.

"மண்டிக்கு வர்ற பெங்களூர் யாவாரி ஒருத்தரு இதுமாதிரி செட்டெல்லாம் சேக்கறவரு மாமா. காட்டிப் பாக்கறேன். அவரு எடை கிடைன்னு பேச மாட்டாரு."

அப்பா பெட்டியைத் துண்டில் சுற்றிக் கொடுத்தனுப்பினார்.

அடுத்த வாரம் மாமா பணத்தோடு வந்தார். வெள்ளி விலையைப் போல இரண்டு மடங்கு, லேத்துக்குத் துண்டு விழுந்த பணத்துக்குச் சரியாக இருந்தது. "காசு இப்படிப் பளபளன்னு இருக்குதே, யாரு பாத்துக்கிட்டதுன்னு கேட்டாரு அக்கா. அதுக்கே வெல கூட," என்றார். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. புளியின் மகிமையைத் தெரு முழுக்கச் சொன்னாள். முழு செட்டின் மதிப்பைத் தான் அன்றே சொன்னதாக அப்பா சொன்னார். எங்கள் வீட்டில் இரண்டு பேருமே ஜெயித்த சண்டை அது ஒன்றுதான்.

மாமா அன்று பஸ்ஸில் வந்திருந்தார். வண்டி எங்கே என்று கேட்டேன். "சர்வீசுக்கு வுட்டிருக்குது கண்ணு," என்றார்.

கோடை விடுமுறைக்கு ராயக்கோட்டை போயிருந்தபோது, அத்தை புடவை எடுக்க பீரோவைத் திறந்தாள். கீழ்த்தட்டில் அந்த மரப்பெட்டி. அத்தை அடுப்பைக் கவனிக்கப் போன நேரத்தில் திறந்து பார்த்தேன். பாதித் தும்பிக்கையோடு என் யானைகள் நின்றன. பெங்களூர்க்காரர் என்று ஒருவரும் இல்லை, மாமாவே எடுத்துக்கொண்டார் என்று புரிந்துவிட்டது. விலை ஏறும் என்று தெரிந்துதான் எங்கள் லட்சுமிகளைத் தட்டிக்கொண்டு போயிருக்கிறார் என்று நானே தீர்ப்பும் எழுதிவிட்டேன். அப்பாவிடம் சொன்னால் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புனேக்குப் போய்விடுவார். அதனால் வாயை மூடிக்கொண்டு மாமாவோடு மட்டும் டூ விட்டேன். அவர் வாங்கி வந்த ஜிலேபியோடு எனக்கு எந்த விரோதமும் இல்லை.

போன வருடம் நானும் கணவரும் ஓசூரில் வீடு கட்டிக் குடிபோனோம். நரைத்த தலையோடு வந்த மாமா அதே பெட்டியை என் கையில் வைத்தார். "உங்க வூட்டு லட்சுமிங்கதான் கண்ணு. வந்து சேரட்டும்."

வெள்ளி விலை எங்கெங்கோ ஏறியிருந்தது. இப்போதே விற்கலாம் என்றார் கணவர். முழு செட்டை வைத்திருந்தால் இன்னும் கூடுமே என்று அப்பாவின் குரலில் நான் பேசினேன். சரி, கேட்டுவிடலாமென்று பெங்களூரில் பழைய நாணயம் வாங்கும் கடை ஒன்றுக்குப் போனோம். கடைக்காரர் லென்ஸை எடுத்துப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"யாரம்மா இதன்ன உஜ்ஜித்து?" என்று கன்னடத்தில் கேட்டார். இதைத் தேய்த்தது யார் என்று.

எங்கள் அம்மா என்றேன். ஒருமுறை தேய்த்தாலே இதைச் சேர்க்கிறவர்கள் தொட மாட்டார்கள், உறையும் இல்லை, இனி வெள்ளியின் எடைக்கு என்ன உண்டோ அதுதான் என்றார். பழைய நாளில் யாராவது கூடக் கொடுத்திருப்பார்களா என்று கேட்டேன்.

"எந்த நாளிலும் கொடுக்க மாட்டாங்கம்மா," என்றார்.

திரும்பி வரும் வழியில் அத்திப்பள்ளி தாண்டும்போது அழுதுவிட்டேன். மாமா நன்றாக இருக்க வேண்டும்.

காசுகளை விற்கவில்லை. இப்போது பூஜை அறையில் இருக்கின்றன. கறுத்துப்போய்விட்டதே என்று போன வெள்ளிக்கிழமை அம்மா புளி கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன்.

அப்பாவின் ஷெட்டில் இன்று மூன்று லேத் ஓடுகின்றன. மாமாவுக்கு மட்டும் அந்த சிவப்பு பைக் சர்வீசிலிருந்து திரும்பி வரவேயில்லை. என் சின்ன வயதில், அவர் தக்காளிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, மத்திகிரி ஸ்டாப்பில் டவுன் பஸ்ஸை விட்டு வியர்க்க வியர்க்க இறங்குவதைப் பார்க்கும்போதெல்லாம், எங்கள் லட்சுமியைக் கொண்டுபோனவருக்கு நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். வீட்டுக்குள் அப்பா இருப்பார், சட்டையெல்லாம் லேத் எண்ணெய் வாசனையோடு. அந்த பைக்குக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.