நல்ல மெஷினாகப் பார்த்து

அவருக்கு ஆராய்ச்சி என்று பெயர் வைத்தவன் மச்சினன். கல்யாணமான புதிதில் புருஷன், மனைவி, மச்சினன் மூன்று பேரும் தலையணை வாங்கப் போய் வெறுங்கையோடு திரும்பிய நாளில் வைத்த பெயர் அது. பஞ்சா, ஸ்பாஞ்சா, எது கழுத்துக்கு இதம், எது வேர்வையை உறிஞ்சும் என்று கடையில் இருந்த தலையணை ஒவ்வொன்றிலும் அவர் தலை வைத்துப் பார்த்தார். ஒன்றில் லேசாகக் கண்ணயர்ந்தும் விட்டார். கடைக்காரர் இது நிச்சயம் விற்றுவிடும் என்று உறையைத் தேடிக்கொண்டிருக்கையில் எழுந்து, "இன்னும் ரெண்டு கடை பார்த்துடலாம்" என்றார்.

பிழைப்பும் பொருத்தமாகவே அமைந்திருந்தது. மூக்குக்கண்ணாடிக் கடையின் உள்ளறையில் உட்கார்ந்து பார்வை சோதிப்பது. வந்தவர் மூக்கில் இரும்புச் சட்டத்தை மாட்டி, வில்லையைப் போட்டு, எடுத்து, மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா? இல்ல, இதுவா?" என்று கேட்பார். வந்தவர் அலுத்துப்போய் எதையாவது சொன்னால் விட மாட்டார். "அவசரமே இல்ல. இன்னொரு வாட்டி பாருங்க." அவர் சோதித்துக் கொடுத்த கண்ணாடியைப் போட்டு யாருக்கும் தலைவலி வந்ததில்லை என்பதை அவருடைய முதலாளியே ஒப்புக்கொள்வார். கண்ணாடி கைக்கு வருவதற்குள் வரும் தலைவலி தனிக்கணக்கு.

இப்படிப்பட்டவர் ஒரு கார் வாங்கினார் என்றால் அதற்குப் பின்னால் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் பலியாகியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் அலசியவர், கடைசியில் கறுப்பு நிறத்தில் போய் விழுந்தார். "கறுப்புல தூசி தெரியும் மாமா" என்றான் மச்சினன். "தெரிஞ்சாத்தானே துடைக்க முடியும்?" என்றார் ஆராய்ச்சி. கார் வந்தது. குழந்தை இல்லாத வீட்டில் அதற்குக் கிடைத்த உபசாரத்தைச் சொல்லி மாளாது. அதற்கென்று தனி வாளி, தனித் துணி, தனி ஷாம்பு. அந்தத் துணியை வேறு எதற்கும் தொடக் கூடாது. மனைவி ஒரு நாள் தெரியாமல் அதில் ஜன்னலைத் துடைத்துவிட்டு, திருடியவர் மாதிரி அவசரமாகத் துவைத்து அதே கொடியில் அதே மடிப்போடு போட்டார்.

நல்ல எண்ணத்தில் விபரீதம் நடக்கும் என்பதற்கு இந்த வீட்டில் சாட்சி உண்டு. ஒரு நாள் ஆராய்ச்சி வேலைக்குப் போயிருந்த நேரத்தில் காக்கை ஒன்று பானெட்டின் நடுவில் எச்சம் போட்டுவிட்டுப் போனது. வெயிலில் அது காய்ந்து ஒட்டிக்கொண்டது. புருஷன் வந்து பார்த்தால் மனசு கஷ்டப்படுமே என்று மனைவி சமையலறையிலிருந்து பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரையும் சோப்பையும் கொண்டு வந்தார். தேய்த்தார். எச்சம் போனது. அந்த இடம் மட்டும் சுத்தமாக இருப்பதாகத் தோன்றவே, எதற்குக் குறை வைப்பது என்று கைக்கு எட்டிய வரை பானெட் முழுவதையும் வட்டம் வட்டமாகத் தேய்த்துக் கழுவிவிட்டார். மாலையில் புருஷனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, "எப்படி இருக்கு?" என்றார்.

சாயங்கால வெளிச்சத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. ஆராய்ச்சி குனிந்து, தெருவிளக்கின் கோணத்துக்குத் தலையைச் சாய்த்துப் பார்த்தார். கறுப்புப் பெயிண்டில் நார்க் கீறல்கள், வட்டம் வட்டமாக, ஒன்றுக்குள் ஒன்று.

இந்த இடத்தில் அவரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். அவர் கத்தவில்லை. நார் எங்கே என்று கேட்கவில்லை. மனைவியின் முகத்தில் சிரிப்பு ஓரத்திலிருந்து கழன்றுகொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "அட, இதெல்லாம் ஒரு விஷயமா? பாலிஷ் மெஷின் போட்டா போயிடும். நல்ல மெஷினா பார்த்து நானே வாங்கறேன்" என்றார்.

எந்தப் புருஷனும் சொல்லக்கூடிய அன்பான பதில்தான். சொன்னவர் ஆராய்ச்சி என்பதுதான் அந்த அம்மாவின் தலையெழுத்து.

ஏனென்றால் கார் பாலிஷ் மெஷினில் இரண்டு ஜாதி உண்டு. ரோட்டரி என்பது ஒரே அச்சில் விர்ரென்று சுற்றும். ஆழமான கீறலையும் அறுத்து எடுத்துவிடும். ஆனால் கை ஒரு நொடி ஒரே இடத்தில் நின்றால் சூட்டில் பெயிண்டையே தின்றுவிட்டுத் தகரத்தைக் காட்டும். ஆர்பிட்டல் என்பது சுற்றிக்கொண்டே ஆடும். பரம சாது. பெயிண்டை எரிக்காது, கீறல் ஆழமாக இருந்தால் மட்டும் நேரமெடுக்கும். நாரின் கீறல் ஆழமா, மேலோட்டமா? ஆழமென்றால் ரோட்டரி. ஆனால் பெயிண்ட் மெலிசாக இருந்தால்? அப்போது ஆர்பிட்டல். ஆர்பிட்டலில் எது, ஆட்டம் பெரிதா சிறிதா? தேய்க்கும் பேட் ஸ்பாஞ்சா, கம்பளியா? ஆராய்ச்சிக்குச் சொர்க்கத்தின் கதவு திறந்தது. செல்போனில் உலகத்தின் நாலா மூலையிலிருந்தும் யார் யாரோ பானெட் தேய்த்துக் காட்டினார்கள். அவர் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தார், பல் தேய்த்துக்கொண்டே பார்த்தார்.

"மாமா, அக்கா தேய்ச்சது ஒரு பகல்ல. நீங்க அதை அழிக்கப் போறது அடுத்த ஜென்மத்துலயா?" என்பான் மச்சினன்.

"மாப்ள, தப்பான மெஷின் வாங்கினா பெயிண்ட் போயிடும்டா. போனா வராது."

"காரே போயிடும் போல இருக்கு, நீங்க மெஷின் வாங்கறதுக்குள்ள."

"டேய், சும்மா இருடா" என்று தம்பியை அதட்டுவார் அந்த அம்மா. "அவர் பார்த்துப் பார்த்து வாங்குவார்."

இதற்கிடையில் வீட்டில் இரண்டு சின்ன மாற்றங்கள் நடந்தன. ஆராய்ச்சி இரண்டையும் கவனித்தார். இரண்டுக்கும் அவரிடம் காரணம் இருந்தது.

ஒன்று, மனைவி பகலில் காரில் வெளியே போவதை நிறுத்திவிட்டார். துணிக்கடையோ, பல் டாக்டரோ, தம்பி வீடோ, "சாயங்காலமா போலாங்க, வெயில் தாழட்டும்" என்பார். வயதாகிறது, வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஆராய்ச்சி முடிவு கட்டினார். இரண்டாவது, பக்கத்து சீட்டை விட்டுவிட்டுப் பின்சீட்டில் உட்கார ஆரம்பித்தார். "முன்னாடி ஏசி காத்து நேரா மூஞ்சியில அடிக்குது." ஆராய்ச்சி ஏசியின் வாயைத் திருப்பிவைத்தார். அப்படியும் அவர் முன்னால் வரவில்லை. பிறகு அதுவே வேடிக்கையாகிவிட்டது. ஆராய்ச்சி கண்ணாடியில் பின்னால் பார்த்து, "எங்க போகணும் மேடம்?" என்பார். "நேரா போப்பா. பேச்சுக் குறைச்சலா இருக்கட்டும்" என்பார் மேடம். எதிர்வீட்டுக்காரர் ஒரு நாள், "டிரைவருக்கு என்ன சம்பளம் தர்றீங்கம்மா?" என்று கேட்டார். "மூணு வேளை சாப்பாடு. அதுக்கே வேலை ஒழுங்கா செய்யறதில்ல" என்றார் அந்த அம்மா. தெருவே சிரித்தது. ஆராய்ச்சியும்தான் சிரித்தார், கார் பானெட்டில் கை ஊன்றிக்கொண்டு.

மெஷின் ஆராய்ச்சி கடைசிக் கட்டத்தை நெருங்கியது. ஆர்பிட்டல்தான் என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது. மிச்சமிருந்தது சத்தம். மனைவிக்கு ஒற்றைத் தலைவலி உண்டு; மிக்ஸி ஓடினாலே நெற்றியைப் பிடித்துக்கொள்வார். எனவே எந்த மெஷின் சத்தம் குறைவு என்று பார்ப்பது அவருடைய கடமையாயிற்று. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, மெஷின்களின் சத்தத்தை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார். சமையலறையில் குக்கர் கூவியது. மறுபடி கூவியது. அடுப்பை அணைக்க யாரும் வரவில்லை. தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் கண்ணைத் திறந்தார்.

மனைவி அடுப்படியில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார், சற்று இளைப்பாறுகிறவர் மாதிரி. முன்னாலேயே பார்த்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது, இதயம் ஒரே அடியாக நின்றிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். ஆராய்ச்சி அதைக் கேட்டுத் தலையாட்டினார். வாழ்க்கையில் அவர் இரண்டாவது அபிப்பிராயம் கேட்காத ஒரே விஷயம் அது.

அப்புறம் அந்தக் காரை யாரும் எடுக்கவில்லை. கார் மேல் தூசி ஏறியது. தனித் துணி கொடியில் காய்ந்து விறைத்துப்போனது. கண்ணாடிக் கடையில் யாராவது "முதல்ல போட்டதே தெளிவா இருக்கு" என்று சொன்னால், "சரி" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். முதலாளி பயந்துபோய் மச்சினனைக் கூப்பிட்டுச் சொன்னார்.

மச்சினன் ஒரு காலையில் வந்து நின்றான். "மாமா, சட்டையை மாத்துங்க. மெஷின் கடைக்குப் போறோம்."

"எதுக்குடா இப்ப?"

"அக்காகிட்ட சொன்னீங்கல்ல? வாங்கிட்டு வந்துடலாம். அப்புறம் பரணில போட்டாலும் சரி."

கடைக்காரர் உற்சாகமான ஆள். பழைய கறுப்பு பானெட் ஒன்றை ஸ்டாண்டில் மாட்டி வைத்திருந்தார். அதைப் பார்த்து, "நல்லாத்தானே இருக்கு?" என்றான் மச்சினன். "அப்படித்தான் சார் எல்லாரும் சொல்வாங்க" என்று சிரித்துக்கொண்டே அவர் டார்ச்சை அடித்தார். வெளிச்சம் விழுந்த இடத்தில் சிலந்தி வலை மாதிரி வட்டங்கள் எழும்பின.

"இதான் சார் கறுப்புல விஷயமே. நிழல்ல ஒண்ணும் தெரியாது. சாயங்காலம் தெரியாது. பின்சீட்ல உட்கார்ந்தா சுத்தமா தெரியாது. ஆனா நல்ல வெயில்ல முன்சீட்ல உட்கார்ந்து பாருங்க, கண்ணுலயே குத்தும். என் வீட்டுக்காரி ஒரு கீறல் போட்டுட்டு ஒரு மாசம் என் வண்டியில ஏறல, வெக்கம்!"

கடைக்காரர் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டே போனார். ஆராய்ச்சி அந்த வெளிச்ச வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக மச்சினன் பக்கம் திரும்பினார்.

"உனக்குத் தெரியுமாடா?"

மச்சினன் தரையைப் பார்த்தான்.

"ஏசி காத்துன்னு சொன்னாளேடா."

"அக்கா உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சொல்லிட்டா மாமா. நானே ஒரு மெஷின் வாங்கிட்டு வரேன்னேன். 'வேண்டாம்டா, அவர் ஆசையா பார்த்துட்டிருக்கார், அவசரப்படுத்தாதே. அதுவரைக்கும் நான் பின்னாடி உட்கார்ந்துக்கறேன்'னா."

ஆயிரம் பேரிடம் எது தெளிவு என்று கேட்டவருக்கு இப்போதுதான் தெளிவாயிற்று. கடைக்காரர், "ரோட்டரியா சார், ஆர்பிட்டலா? ரெண்டையும் ஓட்டிக் காட்டட்டுமா?" என்றார்.

"வேண்டாம். எது கைக்குக் கிட்ட இருக்கோ அதைக் கொடுங்க."

கிட்ட இருந்தது ஆர்பிட்டல். வாழ்நாளிலேயே மிகக் குறைந்த நேரத்தில் அவர் வாங்கிய பொருள் அதுவாகத்தான் இருக்கும். அந்த வேகத்தைப் பார்க்க வேண்டியவர் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் காரை உச்சி வெயிலில் நிறுத்தி, கழுவித் துடைத்தார். வட்டங்கள் எல்லாம் வெளியே வந்தன. அவர் முதல் தடவையாக அவற்றைப் பொறுமையாகப் பார்த்தார். காக்கை எச்சம் இருந்த நடுவில் சின்னச் சின்ன வட்டங்கள், அழுத்தமாக. அங்கிருந்து வெளியே போகப் போகப் பெரிசாகி, கை தளர்ந்து, மென்மையாகியிருந்தன. அந்த அம்மா வலது பக்கம் நின்று கொஞ்சம், இடது பக்கம் போய்க் கொஞ்சம் தேய்த்திருக்கிறார். காரின் முன்கண்ணாடியை ஒட்டி இரண்டு பக்கத்திலிருந்தும் எட்டாத ஒரு சின்னப் பட்டை மட்டும் கீறலில்லாமல் இருந்தது. ஆராய்ச்சி ஒரு வட்டத்தின் மேல் விரலை வைத்து, அது போன வழியே ஒரு சுற்றுச் சுற்றினார்.

மின்வயரைப் பிடித்துக்கொண்டிருந்த மச்சினன் தொண்டையைச் செருமினான். "மாமா, ஓரத்துல ஒரு துண்டு மட்டும் விட்டு வைக்கலாமா? அக்கா ஞாபகமா..."

ஆராய்ச்சிக்கும் அந்த ஆசை வந்திருக்க வேண்டும். விரல் வட்டத்தை விட்டு நகரவில்லை. பிறகு எடுத்துவிட்டார்.

"வேண்டாம்டா. இது அவ பார்க்க வெக்கப்பட்டது. நான் வச்சுக்கிட்டு அழறதுக்கு இல்ல."

பேடில் கிரீமை வைத்து மெஷின் சுவிட்சைத் தட்டினார். சத்தம் ஒன்றும் பெரிதாக இல்லை. மிக்ஸியைவிடக் குறைவு. முதல் தடவையில் வட்டங்கள் மங்கின, இரண்டாவதில் போயின. கீறல் ஆழமே இல்லை. அந்த அம்மாவின் கை அவ்வளவு லேசு. நடுவிலிருந்த அழுத்தமான இடம் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடித்தது. ஒரு உலைச் சோறு வேகிற நேரம்கூட ஆகவில்லை. கறுப்புப் பரப்பில் வானம் முழுசாக இறங்கி வந்திருந்தது, மேகத்தோடு, மின்கம்பியோடு. ஆராய்ச்சி மெஷினை அணைத்தார்.

"இவ்வளவுதானா?" என்றார். யாரையும் கேட்கவில்லை. "இவ்வளவுதானாடா?"

மச்சினன் வயரைச் சுற்ற ஆரம்பித்தான்.

ஆராய்ச்சி கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, டிரைவர் பக்கம் போகாமல், மறுபக்கம் போய்க் கதவைத் திறந்தார். அந்தச் சீட்டில் வெகுநாளாக யாரும் உட்காரவில்லை. திருப்பிவைத்த ஏசியின் வாய் அப்படியே இருந்தது. உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். எதிரே பானெட், வெயிலில், ஒரு கீறல் இல்லாமல். கண்ணில் குத்த ஒன்றுமில்லை.

மச்சினன் வயரைக் கீழே வைத்துவிட்டு, வந்து டிரைவர் சீட்டில் ஏறினான். முன்னால் இருக்கும் கண்ணாடியில் பின்சீட் காலியாகத் தெரிந்தது. அவன் பார்வையைத் தாழ்த்திக்கொண்டு சாவியைத் திருகப்போனான்.

"எங்க போகணும் மாமா?"

"எங்கயும் வேண்டாம். வெயில் தாழற வரைக்கும் இங்கயே நிக்கட்டும்."