மூன்றாம் முறை கூப்பிட்ட குரல்

செங்கம் சாலை விடுதிகளின் படுக்கை விரிப்புகளை இருபது வருஷமாகத் துவைத்துக் கொடுப்பவள் ஜோதியம்மாள். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. பௌர்ணமி தவறாமல் மலையைச் சுற்றுவாள். யாரையும் அதட்டிப் பேசத் தெரியாது. அப்படிப்பட்டவள் பத்து நாளைக்கு முன்பு ஒரு காரியம் செய்துவிட்டாள். மகள் மதிவதனியை வருகிற புதன்கிழமை நேர்காணலுக்கு வரச்சொல்லிச் சென்னை கம்பெனி அனுப்பிய கடிதத்தை அண்ணாமலையார் படத்துக்குப் பின்னால் செருகிவிட்டாள். ஒற்றைப் பெண்ணை அவ்வளவு தூரம் அனுப்ப மனசு வரவில்லை.

"புதன்கிழமை போயிடட்டும் சாமி. அப்புறம் குடுத்துடறேன்."

ஞாயிறு மத்தியானம் மதி அவளைத் தான் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் சென்டருக்கு இழுத்துப் போனாள். அவளும் தோழி உம்மே ஹானியும் சேர்ந்து, பத்து நிமிஷத்தில் முடிகிற பயமுறுத்தும் ஆட்டம் ஒன்று செய்திருந்தார்கள்.

"கம்ப்யூட்டரையே தொடாத ஆளு ஆடிப் பாக்கணும் ஆன்ட்டி. எது நல்லாருக்கு, எது நல்லால்லன்னு சொல்லுங்க" என்றாள் ஹானி.

"பயந்து கத்திடாதம்மா. பக்கத்துல டீக்கடை" என்று மதி சிரித்தாள்.

திரையில் ஒரு சின்ன அறை. உள்ளே ஒரு பெண்; சீப்பு, ஜன்னல், மேசைமேல் அவள் பேர் போட்ட ஒரு காகிதம். வெளியிலிருந்து குரல் வந்தது: "கதவைத் திறம்மா. அம்மாதான்."

ஜோதியம்மாளின் குரலேதான்!

"அடிப்பாவி, எப்படி பிடிச்சே?"

"தெனமும்தான் கூப்பிடறியே. செல்போன்ல பிடிச்சேன்."

ஹானி ஜோதியம்மாளின் விரலை மவுஸில் வைத்து அழுத்தினாள். கதவு திறந்தது. வெளியே யாருமில்லை. திரும்பினால் அறையில் சீப்பைக் காணோம். குரல் மறுபடி கூப்பிட்டது. இந்தத் தடவை ஜன்னலே இல்லை, வெறும் சுவர். ரத்தமில்லை, கோர முகமில்லை. ஆனாலும் ஜோதியம்மாளுக்குக் கழுத்து வேர்த்தது.

"நல்லாத்தான் இருக்கு. ஒண்ணுமே காட்டாம பயங்காட்டுது. ஆனா ஒரு தப்புடி. பேய் ஒருதரம்தான் கூப்பிடும். மூணுதரம் கூப்பிட்டா அது மனுஷங்க."

"இதுல பேயே இல்லியே ஆன்ட்டி."

மூன்றாம் முறை குரல் வந்தது. கதவைத் திறந்து திரும்பினாள். மேசைமேல், அந்தப் பெண்ணின் பேர் போட்டிருந்த காகிதம் இல்லை. திரை இருண்டது. ஆட்டம் முடிந்தது.

ஜோதியம்மாள் மவுஸை விட்டுவிட்டு மகளைப் பார்த்தாள். இவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துதான் செய்திருக்கிறாள்.

"முடிவு சரியில்ல" என்றாள். "எடுத்தவ திருப்பிக் குடுக்க வழியே வைக்கலியே. புதன்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கு கண்ணு. லெட்டர் சாமி படத்துக்குப் பின்னாலதான் இருக்கு."

மதி நிமிர்ந்தாள்.

"எந்த லெட்டரு? சென்னை கம்பெனியிலேர்ந்தா?"

ஹானி தரையைப் பார்த்தாள்.

"ஆட்டத்துக்காகச் சும்மா யோசிச்சதும்மா அது" என்றாள் மதி. உதடு வெளுத்திருந்தது. "நீயா எடுத்தே?"

பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

ஜோதியம்மாள் வீடு வந்தபோது உள் அறை தாழ் போட்டிருந்தது. படத்தை இறக்கினாள். "உன்னையும் கூட்டு சேத்துட்டேனே சாமி!" கடிதத்தோடு கதவுக்கு முன்னால் நின்று கூப்பிட வாயெடுத்தாள். ஆனால் கதவைத் திறம்மா என்று சொல்லாமல் வாயை மூடிக்கொண்டாள். அதைக் கேட்டால் உள்ளே இருப்பவளுக்கு எப்படி இருக்கும் என்று இப்போது தெரியும்.

குனிந்து, கடிதத்தைக் கதவிடுக்கில் தள்ளினாள். பாதி வெளியிலேயே கிடந்தது. தரையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெகுநேரம் கழித்து, கதவு திறக்காமலே, அந்தப் பாதியும் மெதுவாக உள்ளே போயிற்று.