தேதி எழுதாத பை

ரோஸ்லெட் இறந்த செய்தி எங்கள் ஆஸ்பத்திரி வாட்ஸ்அப் குழுவில் வந்தது. 'ஈடுசெய்ய முடியாத இழப்பு' என்று பெரிய டாக்டர் போட்டார். அடுத்த நிமிடமே டூட்டி அட்டவணையையும் போட்டார். அவள் பேச்சை ஒரு நாளும் காதில் வாங்காதவருக்கு இழப்பு எங்கிருந்து வந்ததோ. வாசலில் பிளக்ஸ் வேறு.

தேங்காய்ப்பட்டணத்துக்காரி. லேபில் இருபது வருடம் இருந்தாள். நான் வார்டில் நர்ஸ். சிறுநீர் டியூப் வைத்தவர்களுக்குக் காய்ச்சல் என்றால் சிறுநீரில் கிருமி வளர்த்துப் பார்ப்பது அவள்தான். ஒருமுறை பெரிய டாக்டரை வழியிலேயே நிறுத்தினாள்.

"சார், சும்மா கிருமின்னா மூத்திரமே கழுவிக் கொண்டு போயிரும். இந்தக் கிருமிக்கு உடம்பு மேலெல்லாம் நாரு நாரா உண்டு. நாயுருவி துணியில ஒட்டுகது போல உள்ள பிடிச்சிட்டுக் கிடக்கும். டியூபு கிடந்தா அதுலயும் பிடிச்சு ஏறும். வேண்டாத டியூபை எடுக்கச் சொல்லுங்க."

"அந்த நார் நம்ம மைக்ராஸ்கோப்புல தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாததுக்கு என்னத்துக்குப் பயம்?"

"உங்க படிப்பும்தான் கண்ணுக்குத் தெரியல்ல சார். நாங்க நம்பலியா?"

அதன்பிறகு அவள் வார்டுக்கு வரக் கூடாது என்றார்கள். வந்தாள். தினமும் காலையில் பிளாஸ்டர் சுருளோடு வந்து, ஒவ்வொரு சிறுநீர்ப் பையிலும் டியூப் வைத்த தேதியை எழுதி ஒட்டுவாள். 'காலண்டர்' என்று டாக்டர்கள் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். "கிருமிக்கு உள்ள பிடிமானத்துல பாதி உங்களுக்கு வேலையில இருந்தா போதும்" என்பாள்.

போன மாதம் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு உடைந்து என் வார்டுக்கே வந்தாள். ஆபரேஷன் முடிந்து டியூப் வைத்தோம். மூன்றாம் நாள், "ஏட்டி, இதை எடுக்கச் சொல்லிக் கேட்டியா?" என்றாள்.

"டாக்டர் வரட்டும்" என்றேன். டாக்டர் வந்தார், எக்ஸ்ரேயைப் பார்த்தார், போனார். நான் வாயே திறக்கவில்லை. டியூபை எடுத்துவிட்டால் வேளைக்கு வேளை அவளைத் தூக்கிப் பெட்பேன் வைக்க வேண்டும். அந்தச் சோம்பலுக்கு ஆள் பற்றாக்குறை என்று பெயர் வைத்துக்கொண்டேன். எட்டாம் நாள் உடம்பு நடுங்கக் காய்ச்சல் வந்தது. கிருமி ரத்தத்தில் கலந்திருந்தது. அவளுடைய லேபிலிருந்தே ரிசல்ட் வந்தது.

அவளைத் தெரிந்தவர்களே, பிளக்ஸ் முன்னால் நின்று படம் எடுத்தது போதும். பெரிய டாக்டரை நினைத்தால் எனக்கு அருவருப்பு. கண்ணாடியைப் பார்த்தால் அதைவிட அருவருப்பு. அவள் படுத்திருந்த நாட்களில் வார்டில் எந்தப் பையிலும் தேதி இல்லை. அவள் பையிலும் இல்லை.

அவளுடைய பிளாஸ்டர் சுருளை நான் வைத்திருக்கிறேன். தினமும் தேதி ஒட்டுகிறேன். "இது இன்னும் வேணுமா சார்?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்கிறேன். இப்போது நான்தான் காலண்டர். நேற்று மூன்று பேருக்கு டியூபை எடுத்தோம். ரோஸ்லெட் தனக்கு எடுக்கச் சொன்னது ஒன்றைத்தான்.