வெட்டிவேர்த் தட்டியைக் கழற்றியவன்

நான்தான் கழற்றினேன். என் முதலாளி பண்ணாடியின் காரிலிருந்த வெட்டிவேர்த் தட்டிகளையும், கூரைமேல் இருந்த தண்ணீர்த் தகரத்தையும் கழற்றிப் போட்டவன் நானே! ஓட்டத்தில் அறுந்து விழுந்தன என்று நான் சொன்னது பச்சைப் பொய்.

கொழிஞ்சாம்பாறையில் அந்தக் காரை ஓட்டியவன் நான். கோடைக்கென்று பண்ணாடியே செய்வித்த ஏற்பாடு அது. தகரத்திலிருந்து சொட்டும் நீர் சன்னல் தட்டிகளை நனைக்கும். உள்ளே வரும் காற்று சில்லென்று மணக்கும்.

பிறகு ஏன் கழற்றினேன்? கேளுங்கள்... வெட்கத்தினால்!

வேலந்தாவளம் மாட்டுச் சந்தையில் கார் நின்ற இடமெல்லாம் ஈரம். ஒரு தரகர் குனிந்து பார்த்தார்.

"ஏனுங்க டிரைவரே, உங்க காரு நின்ன எடத்துலயே ஒண்ணுக்குப் போவுதுங்களே! சீக்கு மாடுங்களா?"

சந்தையே சிரித்தது. முகம் தெரியும்படி நான் தினமும் துடைத்து வைத்த கார் அது! எனக்கு மானம் போயிற்று. பண்ணாடி மாட்டுவண்டியில் முதலமடை மாந்தோப்புக்குப் போயிருந்த சமயம், எல்லாவற்றையும் கழற்றி மாட்டுக்கொட்டகையில் வீசினேன். எருமைகள் மிதித்துத் தட்டிகள் நார்நாராயின.

அவர் திரும்பியபோது அவருடைய ஒரே மகளுக்குக் கடுங்காய்ச்சல். கோயமுத்தூர் டாக்டரிடம் உடனே போகவேண்டும் என்றார். சித்திரை மாதத்து உச்சிவெயில்.

"பொழுது சாயட்டுமுங்க. இந்த அனல்ல புள்ளையக் கொண்டுட்டுப் போவோணுமா?" என்று அவர் மனைவி அழுதார்.

"காருல தட்டி இருக்குதல்லொ. சில்லுனு போயிரலாம், வா."

அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை! திறக்கவில்லையே... வேலை போய்விடுமென்ற பயம் நாக்கைக் கட்டிப்போட்டது.

வாசலுக்கு வந்தவர் வெறும் சன்னலைப் பார்த்துத் திகைத்தார்.

"நேத்து ஓட்டத்துல அறுந்து உழுந்துருச்சுங்க. வெரசாப் போனாக் காத்து அடிக்குமுங்க" என்றேன்.

தோளில் குழந்தை துவண்டு கிடந்தது. அவர் தயங்கினார். பிறகு மனைவியோடு ஏறிவிட்டார்.

காற்று அடித்தது. அடுப்பைத் திறந்தது போன்ற காற்று! வேலந்தாவளம் தாண்டியதும் எஞ்சின் கொதித்து நின்றது. கைக்குட்டையை நனைக்கக்கூட ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கூரைமேல் தகரம் இருந்திருந்தால்... காட்டுக் கிணறு ஒன்றைத் தேடி ஓடினேன். தண்ணீரோடு நான் திரும்பியபோது அந்தத் தாயின் அலறல் தூரத்திலேயே கேட்டது.

காய்ச்சல்தான் கொன்றதா? தட்டி இருந்தால் மட்டும் பிழைத்திருக்குமா? எனக்குத் தெரியாது. தெரியாததுதான் என்னை அரிக்கிறது!

"பொழுது சாயட்டும்னு கால்ல உழாத கொறையாச் சொன்னனே!" என்று அந்த அம்மா ஒருமுறை சொன்னார். அதற்குப் பிறகு கணவரோடு பேசவே இல்லை. ஒரே வீட்டில், பண்ணாடி சாகும்வரை! நான் அந்த வாசலில் கார் துடைத்துக்கொண்டிருந்தேன்.

சாகக் கிடந்தபோது பண்ணாடி என் கையைப் பிடித்தார்.

"உன்ற மேல ஒரு தப்புமில்லீடா. நீ எத்தனை வேகமா ஓட்டுனே... நாந்தான் என்ற புள்ளையக் கொன்னுபோட்டேன்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா உங்களுக்கு? "மனசைத் தேத்திக்குங்க" என்றேன்.

அந்த அம்மா இன்னும் இருக்கிறார். விசேஷ நாள்களில் எனக்கு மறக்காமல் சோறு கொடுத்தனுப்புகிறார். அன்று தண்ணீருக்காக ஓடியவனாம் நான்!

நானும் தின்கிறேன்.